அஸ்ராவின் முதல் நோன்பு

என் மகள் அஸ்ரா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இடது சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். அது எதற்கும் உதவாது, மெல்லச் சுருங்கிவிடும் என்றார் டாக்டர். வலது நல்லது, இரண்டின் வேலையையும் பார்க்க அது பெரிதாக வளர வேண்டும். வருடாவருடம் கண்டிக்குப் போய் அளந்து பார்ப்போம். எட்டு வயதில் ஒன்பதரை சென்டிமீட்டர். மற்றத் தாய்மார் பிள்ளையின் உயரத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நான் அந்த ஒன்பதரையை நினைத்துத் தனியாகப் பூரித்துக்கொண்டேன்.

வெளியே மூச்சு விடவில்லை. பெண் பிள்ளை, நாளைக்கு மாப்பிள்ளை வீடு வர வேண்டாமா? எட்டு வயதுக்காரிக்குக் கல்யாணக் கணக்குப் போட்ட கெட்டிக்காரி நான். கண்டிக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம் கண் காட்ட என்றேன். என் கணவர் ஹாஷிமின் வாயையும் கட்டிப்போட்டேன்.

இந்த ரமழானில் முழு நோன்பு பிடிப்பேன் என்று அஸ்ரா ஒற்றைக் காலில் நின்றாள். உடம்பில் தண்ணீர் குறையவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. ஆனால் பல்லேபொலயில் இருக்கும் ஹாஷிமின் அக்கா ஜுனைதா மதினி, முதல் நோன்பைத் தன் வீட்டில்தான் திறக்க வேண்டும் என்று புதுச் சட்டையே தைத்து வைத்துவிட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். நோன்பன்று பகலில் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மதினி வீட்டில் பாங்கு கேட்டபோது நான் அடுப்படியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அஸ்ராவின் முன்னால் இரண்டு வெற்றுக் கிளாஸ்கள். தோட்டத்து மரத்தில் பறித்த காமரங்காய், அந்த நட்சத்திரப் பழத்தின் சாறு. சூட்டுக்கு நல்லது என்று மதினி சிரித்தார். சிறுநீரகத்தைக் கெடுப்பவை, இவள் தொடவே கூடாதவை என்று டாக்டர் எழுதித் தந்த பட்டியலில் முதல் வரி அதுதான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று துஆ கேட்டுக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. யாரோ நினைக்கிறார்கள் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அன்றிரவு அங்கேயே தங்கினோம். காலையிலும் விக்கல் நிற்கவில்லை. முகம் ஊதியிருந்தது. நேற்று மாலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் போகவில்லை என்றாள்.

"மதினி, இவளுக்கு ஒரு கிட்னிதான் வேலை செய்யுது," என்றேன். "பொறந்ததுல இருந்தே."

மதினி தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா அந்த மரத்தையே வெட்டிப் போட்டிருப்பேனே, ஸஜீதா."

ஹாஷிம் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். புதுச் சட்டையோடு அவளை மடியில் கிடத்தி, முதுகின் வலது பக்கம் கையை வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன், சிறுநீர் வருகிறதா என்று. விக்கலுக்கு நடுவே ஒவ்வொரு தடவையும் அவள் இல்லை என்று தலையாட்டினாள்.