காகிதத்தில் இருந்த மனோரஞ்சிதம்

1

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சலோமி உள்ளங்கையில் முகப்பவுடரைக் கொட்டிக்கொண்டு கொல்லை நடுவில் நின்று காற்றில் ஊதினாள். பவுடர் மேற்கே, அடுப்படி ஜன்னலை நோக்கிப் போயிற்று.

"பாத்தீங்களா, கடல்காத்து நேரா உள்ள வருது. அப்ப மனோரஞ்சிதம் கெணத்துக்குக் கெழக்க."

மைக்கேல்ராஜ் காகிதத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான்.

இது 1981 பிப்ரவரி. ஏழு வருஷம் கழித்து இதை எழுதக் காரணம், போன வாரம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அஞ்சுகம். வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ஏன் சார், பூவாசத்துக்குப் பாம்பு வந்து உங்க வீட்டம்மாவக் கடிச்சுச்சாமே, அந்த மரம் எது? வெட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். கைக்குழந்தைக்காரி, பயந்துதான் கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வியை அவள் கையில் கொடுத்த தெருவின்மேல் கோபம்.

(மைக்கேல்ராஜ் நான்தான். 'நான்' என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். அந்த 'நான்' நாலாவது வரியிலேயே நல்லவனாகிவிடுகிறான். அதனால் அவன் 'அவன்' ஆகவே இருக்கட்டும்.)

2

இன்னொரு தொடக்கமும் எழுதினேன்:

'மலர்ந்த மனோரஞ்சிதத்தின் மணம் இருளில் மெல்லப் படர்ந்து, எங்கோ புற்றில் கிடந்த அந்த உயிரை

வேண்டாம். அடித்துவிட்டேன். அடித்தது உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன். வாசிக்க அழகாக இருக்கிறது, இல்லையா? உங்களுக்கும் இதுதான் பிடித்திருக்கும். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். சலோமி பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவன் அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். ரோட்டுக்கும் மதகுக்கும் போடுவதுபோல் தன் தோட்டத்துக்கும் அளவு வைத்துப் படம் வேண்டும் என்றாள். விடியலில் எழுந்து வரும் வழிக்குப் பவழமல்லி. படியோரம் மரிக்கொழுந்து, சேலை உரசினாலே மணக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முல்லை. காரைக்கால் மணலை நம்பாமல் அரசலாற்று வண்டல் இரண்டு வண்டிக்குச் சொல்லியிருந்தாள். செண்பகத்தை மட்டும் அவளே அடித்தாள்: "நம்ம உப்புத்தண்ணில அது உசுரோட இருக்காதுங்க."

3

இப்போது சகாயம்மாள் வர வேண்டும். அவனுடைய அக்கா, தாயில்லாத அவனை வளர்த்தவள், அதே வீட்டில் இருப்பவள். இவளை வில்லியாக எழுதுவது சுலபம். (அப்படியும் ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தாயிற்று.)

"மனோரஞ்சிதமா? பாம்புக்குப் பத்திரிகை வைக்கிறியாம்மா?"

"வரட்டும் அண்ணி. பந்தியில உக்கார வச்சிருவோம்."

"வாய பாரு! தம்பி, இவள என்னான்னு கேளு."

"பாம்புக்கு ஒளிய எடந்தான் வேணும் அண்ணி, வாசமா வேணும்? மொதல்ல அந்த மட்டைக் குவியல எடுங்க."

"கீத்து முடைய வச்சிருக்கேன். அது உன் கண்ண உறுத்துதாக்கும்!"

மைக்கேல்ராஜ் இரண்டு பக்கத்துக்கும் சிரித்துவைத்தான். தென்னமட்டைக் குவியல் சுவரோரம் அப்படியே கிடந்தது.

4

அன்று காகிதத்தில் வட்டம் போட்டு முடிந்ததும், அந்த இடத்தில் அடையாளக் குச்சி நட வேண்டும் என்று சலோமி அந்தக் குவியலில் மட்டை உருவப் போனாள். ஐந்தேகால். கணுக்காலைப் பிடித்தபடி திரும்பினாள். இரண்டு பொட்டு ரத்தம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்க" என்றாள். அழவில்லை. தெளிவாகச் சொன்னாள்.

"ஊசி போட்டுட்டா வேரு வேலை செய்யாது" என்றாள் சகாயம்மாள். "மொதல்ல நெடுங்காட்டுப் பக்கம் வேர் குடுக்குறவர்ட்ட போவோம். அப்பறம் எங்க வேணா போங்க."

காஜா மைதீன் டாக்சியைக் கொண்டுவந்து நிறுத்தி, "எங்க சார் போவணும்?" என்று கேட்டார். சாரைத்தான் கேட்டார். சலோமி அவன் முகத்தைப் பார்த்தாள்.

சார், "அக்கா சொல்றபடி போங்க" என்றான்.

வேர்க்காரர் வீட்டில் இல்லை; வயலிலிருந்து வரக் காத்திருந்தார்கள். வந்தவர் வேப்பிலையை மெல்லச் சொல்லி, "கசக்குதாம்மா?" என்று கேட்டார். "இனிக்குது" என்றாள் சலோமி. விஷம் ஏறிவிட்டால்தான் அப்படி இனிக்கும் என்பார்கள். அவர் வேரைக் கொடுத்தார். இன்னொரு தடவை கொடுத்தார். பிறகு, "பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிருங்க" என்றார்.

டாக்டர் ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை மணிக்குக் கடிச்சுது?" சொன்னான். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பத்து. எட்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

5

அடக்கம் முடிந்த மறுநாள் உறவுக்காரர் சந்தனசாமி கோடாலியோடு வந்தார்.

"எங்கப்பா அந்த மனோரஞ்சிதம்? இருந்தாத்தானே இன்னொரு உசுரக் கேக்கும்?"

கிணற்றைச் சுற்றி வந்தார். வேலியோரம் தேடினார். கொல்லையில் இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் தவிர ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? ஒரு செடிகூட நடவில்லையே! வண்டல் வண்டியே வந்து சேரவில்லை. பென்சில் வட்டத்துக்கு என்ன வாசம்? எந்தப் பாம்புக்கு அது எட்டியது?

ஆனாலும் தெருவுக்கு அந்த மரம் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சகாயம்மாள் அதைச் சொன்னாள். கேட்டவர்கள் அதற்குப் பூவும் காயும் வைத்தார்கள். பூவாசத்துக்கு ஆசைப்பட்டுத் தன் சாவைத் தானே கூப்பிட்டுக்கொண்டவள் என்று சலோமிக்கு ஒரு பெயர் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொன்னவளுக்கு!

கோடாலிக்காரரிடம் மைக்கேல்ராஜ் அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "நானே பாத்துக்கிறேன் மாமா" என்று அனுப்பிவைத்தான். வாசகரே, அவனை விட்டுவிடாதீர்கள். மரம் என்று ஒன்று இருந்தால், டாக்சிக்காரருக்குத் தான் சொன்ன பதிலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

6

அஞ்சுகத்துக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை மேலே எழுதாமல் தாண்டி வந்துவிட்டேன். "வெட்டியாச்சும்மா" என்றேன். ஏழு வருஷத்துக்குப் பிறகும்.

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன. வேலியருகே போய், மரமே கிடையாது, மட்டைக் குவியலும் என் வாயும்தான் என்று அவளிடம் சொல்வது. அல்லது, காகிதத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் நட்டு, தெரு முழுக்க மணக்கவிட்டு, பாம்பு வருகிறதா பாருங்கள் என்பது. அல்லது, கண் மங்கி உள்ளறையில் படுத்திருக்கும் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுவது. அவளுக்கு எழுபத்து நாலு. அந்த மரத்தைப் பிடுங்கிவிட்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு

முடிக்க முடியவில்லை. நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் சரி, சலோமியின் தலையில் மட்டும் பழியைக் கட்டாதீர்கள்.

நேற்றுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கள் வாசலிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு, வேகமாகக்கூட வேண்டாம், சாதாரணமாக நடந்தால், ஒன்பது நிமிடம். அன்றும் அவ்வளவுதான்.