கழற்றிய பழைய சாமான்

நெஞ்சுக்கு ஆபரேஷன் செய்தவர்கள் காலை எதற்குக் கிழித்தார்கள் என்பதுதான் மதுமதிக்கு விளங்கவேயில்லை. நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் அவள் புருஷன் வேலுமணிக்குச் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பைபாஸ் நடந்து ஒரு வாரம் ஆகிறது. நெஞ்சு தேறிவிட்டது. கால்தான் வீங்கிப் போய், கட்டை மீறி நீர் கசிந்தது.

கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள்? நர்ஸ் டூட்டி டாக்டரைக் கை காட்டினாள், அவர் பெரிய டாக்டரைக் கை காட்டினார். பெரிய டாக்டர் தீனதயாளனோ காலில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறவர். எல்லாம் நார்மல் என்று சொல்லி முடிக்கும்போது அடுத்த அறையில் இருப்பார். சர்க்கரை நோயில் காலை எடுத்த மதுமதியின் அண்ணனுக்கும் முதலில் இப்படித்தான் வீங்கியது. அந்தப் பயத்தைப் பற்றிப் புருஷனிடம் அவள் மூச்சுவிடவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்ட காலையில், டாக்டர் உள்ளே வந்ததும் கதவை மறித்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டறையில் ரிப்பேர் முடிந்த லாரியை எடுக்கப் போனால் முதலில் எதைக் கேட்பாளோ அதையே கேட்டாள்.

"ஏனுங்க டாக்டரு, கழட்டுன பழைய சாமானெல்லாம் எங்கீங்க? அதைக் கண்ணுல பாக்காம நாங்க வண்டி எடுக்கறதில்லீங்க."

வேலுமணி வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துவிட்ட மனிதர் உடனே ஓட முடியுமா? கட்டிலோரம் நின்று விளக்கினார். எதையும் கழற்றவில்லையாம். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறதாம். காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து, ரத்தம் அந்த அடைப்பைச் சுற்றிப் போக வேறு வழி போட்டிருக்கிறார்களாம்.

அப்படியென்றால் கால் ஏன் இப்படி இருக்கிறது என்றாள் மதுமதி. அவர் கட்டைப் பிரிக்கச் சொன்னார். பிரித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

தையலுக்குக் கீழே சீழ் கோத்திருந்தது. முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும், தப்பு எங்களுடையதுதான் என்றார். தையலைப் பிரித்துக் கழுவ வேண்டும், ஊசி போட வேண்டும், இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

"காலை எடுக்கோணுங்களா?"

"இல்லீங்கம்மா. கால் பொழைச்சுக்கும். இப்படியே அனுப்பியிருந்தா உசுருக்கே ஆபத்து."

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்து, மதுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கால் போகும் என்று கனவிலும் நினைத்திராத வேலுமணி பேந்தப் பேந்த விழித்தார். டாக்டர் தயங்கி நின்றார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று அன்றுதான் முதன்முதலாக அவராகக் கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெறைய இருக்குதுங்க. உக்காருங்க சாமி."

அவர் உட்கார்ந்தார்.