பச்சை விளக்கு எரியாத கணினி

பின்லாந்தின் தம்பெரே நகரக் கணினிச் சங்கத்தில் அன்று பழைய சாமான்களைக் கழிக்கும் நாள். ஐலா ஆசையாக லினக்ஸ் ஏற்றிய பழைய கணினியும் அந்தக் குவியலில் இருந்தது. மதியக் காபி முடிவதற்குள் அது நெட்வொர்க்கில் பேசினால்தான் தப்பும்.

"மூணு கேபிள் மாத்தியாச்சு, விளக்கே எரியல. நெட்வொர்க் கார்டு செத்துப்போச்சு, விடுடி," என்றான் சங்கத் தோழன் வெய்க்கோ.

"செத்தது எப்படிடா தகவல் பாக்கெட் அனுப்பும்? திரைல எண்ணிக்கை ஏறிக்கிட்டே இருக்கு பாரு."

"அப்போ எல்லாம் எங்கதான் போகுது?"

ஐலா கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். கார்டில் இரண்டு வாய்கள். கேபிள் சதுர வாயில் இருந்தது. பக்கத்தில் அந்தக் காலத்துத் தடித்த கம்பிக்கான வட்ட வாய் காலியாக இருந்தது.

"வெய்க்கோ! இது பழைய வாய் வழியா சுவத்தோட பேசிக்கிட்டிருக்குடா!"

சதுர வாய்க்கு மாறச் சொல்லி ஒரே ஒரு வரி கட்டளை தட்டினாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரையில் பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று ஐலா குதித்தாள்.

வெய்க்கோ ஓடிப்போய், குப்பையில் போட்டிருந்த கணினியின் மூடியை எடுத்து வந்தான்.

"ஸ்க்ரூ எல்லாம் எங்கடி வெச்ச?"