ஆயுத பூஜையில் குளித்த எலிகள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஜெயசீலி பூந்தமல்லி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால், எலிகள் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. கூண்டுக்குச் சந்தனம், குங்குமம். எலிகளின் வாலில் அவள் தடவியிருந்த மையை மட்டும் காணோம்.

அவள் ஒவ்வொரு வாலாகத் தூக்கிப் பார்த்தாள். பின்னே? முடக்குவாதத்தில் மூட்டு வீங்குவதற்கு ரத்தத்திலுள்ள டி செல் என்ற வெள்ளை அணுதான் காரணமா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. எல்லா எலிகளுக்கும் ஊசி போட்டு வாதத்தை வரவழைத்தாள். பாதி எலிகளுக்கு டி செல்லை ஒழிக்கும் மருந்தும் கொடுத்தாள். அவற்றுக்கு நீல மை, மற்றவற்றுக்குச் சிவப்பு. நீல வால்களுக்குக் கால் வீங்காவிட்டால் பிஎச்.டி. கைக்கு வந்துவிடும். இப்போது எது நீலம், எது சிவப்பு?

"என்னண்ணே பண்ணீங்க?" என்றாள், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் துலுக்கானத்திடம்.

"அம்பத்தூர்ல எம் மச்சான் லேத்தையே கழுவி பொட்டு வெச்சிகீறான். நமக்கு எலிதானேம்மா ஆயுதம்? சோப்பு போட்டு குளிப்பாட்னேன். கால் வீங்கினது ஒரு கூண்டு, நல்லா கீறது ஒரு கூண்டு. ஒண்ணா போட்டா நல்லா கீறது வீங்கின கால மெறிச்சிடும்ல, பாவம்!"

அந்த நேரம் பார்த்து அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ரகுநாதன் வந்தார். மருந்து கொடுத்தது ஒரு கூண்டு, கொடுக்காதது ஒரு கூண்டு என்று அவளே பிரித்து வைத்ததாக நினைத்துக் கூண்டுகளைப் பார்த்தவர் முகத்தில் தீபாவளி.

"அடேயப்பா! டி செல் இருக்கறதெல்லாம் வீங்கியிருக்கு, இல்லாததெல்லாம் ஓடுது. ஒண்ணுகூட மாறலையே! தீசிஸ் எழுத ஆரம்பிம்மா."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், டாக்டர் ஜெயசீலி. ஐயப்பன்தாங்கல் மாப்பிள்ளை செபாஸ்டியன் பட்டம் வரட்டும், கல்யாணம் என்று காத்துக்கொண்டிருந்தான். அரை நிமிடம் அவளுக்கு ஆசை வந்தது. மறைப்பானேன், நன்றாகவே வந்தது.

"சார், பிரிச்சது டி செல் இல்ல. துலுக்கானம் அண்ணன்."

ரகுநாதன் கத்திய கத்தலில் வீங்கிய எலிகள்கூட ஓடின. தொண்டை வறண்டபின், "ஒவ்வொரு எலிக்கும் ரத்தம் எடு. எந்த எலிக்கு டி செல் இருக்குன்னு பாரு" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போனது. கால் வீங்காத எலிகளுக்கு டி செல் இல்லை, நினைத்தபடியே. ஆனால் வீங்கிய கூண்டிலும் சிலவற்றுக்கு டி செல் இல்லை!

"அப்போ வேற செல்லும் கூட்டு சேர்ந்திருக்கு" என்றார் ரகுநாதன், இப்போது குரல் இறங்கி. "பி செல்லா, மேக்ரோஃபேஜா? அதையும் பார்த்துட்டு எழுது. ரெண்டு வருஷம் ஆகும்."

மேனாம்பேட்டு வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எலிக்கு எந்த செல்லால வாதம் வந்தா உனக்கு இன்னாடி? செபாஸ்டியனுக்கு தல நரைக்குதுடி!"

ஜெயசீலி திட்டு வாங்கிக்கொண்டே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பொய் சொல்லி டாக்டராகாமல் தப்பித்ததில் அவளுக்கு அப்படியொரு பசி.