திசைக் குமிழ்

லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "கேப்டன்" என்றுதான். பல் ஆஸ்பத்திரி லேபில் பொய்ப்பல் செதுக்கி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நாற்பது மணி நேரம் விமானம் ஓட்டப் படித்தவள் அவள். கை நடுங்கத் தொடங்கியதும் முதலில் விமானம் போயிற்று, பிறகு வேலையும் போயிற்று. "மிச்சம் நீங்க ஒருத்தர்தான், பாத்து இருந்துக்குங்க," என்று சிரித்தாள்.

அவள் சிரித்தது அவனுக்குத் தாங்கவில்லை. பின்னறையில் பழைய கார் சீட்டைப் போட்டு, மூன்று திரைகளை மாட்டி, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டை ஏற்றி, ஒட்டுப்பலகையில் விமானத்தின் முன்பக்கத்தையே கட்டிவிட்டான். திசையைத் திருப்பும் குமிழ்தான் அவனை ஆட்டிப்படைத்தது. முடிவே இல்லாமல் சுற்றும், டிக் டிக்கென்று படி விழும் ரோட்டரி என்கோடர் அது. பழைய கீபோர்டைப் பிரித்து, அதன் போர்டில் ஒயரைப் பற்றவைத்தான்: வலப்பக்கம் திருப்பினால் ஒரு பட்டன், இடப்பக்கம் திருப்பினால் இன்னொன்று. ஆனால் குமிழின் துடிப்பு கண்ணிமைக்கும் முன்னே முடிந்துவிடும். கீபோர்டோ விரல் நிதானமாக அழுத்தினால்தான் ஒத்துக்கொள்ளும். பத்துப் படி திருப்பினால் திரையில் நாலுதான் ஏறியது. நடுவில் சின்ன சர்க்யூட் ஒன்றை வைத்து, ஒவ்வொரு துடிப்பையும் பிடித்து நிறுத்தி அனுப்ப வைத்தான். சொன்ன பேச்சைக் கேட்டது. அவன் கைக்கு.

அவள் தொட்டால் முன்னே ரெண்டு படி, பின்னே மூணு படி. எண் ஓரிடத்தில் நில்லாமல் தவித்தது. சர்க்யூட்டைக் கொஞ்சம் மந்தமாக்கிப் பார்த்தான். நடுக்கத்தோடு சேர்த்து அவள் உண்மையாகத் திருப்பியதையும் அது விழுங்கிவிட்டது.

கடைசியில் அவன் அவளிடம் சொல்லாமல் குமிழின் ஒயரைக் கழற்றிவிட்டான். அவள் சீட்டுக்குப் பின்னால் ஸ்டூலில், மடியில் வேறொரு கீபோர்டோடு உட்கார்ந்தான். திசையை டிகிரிக் கணக்கில் வாய்விட்டுச் சொல்லியபடி திருப்புவது அவள் பழக்கம். "ரெண்டு, ஏழு, சைபர்" என்பாள். இவன் பின்னாலிருந்து பட்டனை அழுத்துவான். விமானம் பூப்போல இறங்கும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம் யாரோ கதவைத் தட்ட, அவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது அவள் அசையாமல் இருந்தாள்.

"ஒண்ணு, எட்டு, சைபர்," என்றாள்.

அவன் அழுத்தினான். எண் நகர்ந்தது. எட்டிப் பார்த்தான். அவள் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

"நீங்க போனதும் திருப்பிப் பாத்தேன். ஒண்ணும் நகரல," என்றாள். "அன்னிக்கு மழையில இறக்கினேனே, அதுவுமா?"

அவன் மடியிலிருந்த கீபோர்டைத் தரையில் வைத்தான்.

"அக்காவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேங்க. என் கை இன்னும் செத்துப்போகலன்னு."

"நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன் கேப்டன்."

"பட்டேனே. அதான் வலிக்குது." முகத்தைத் துடைக்கத் தூக்கிய கை கன்னத்தில் தட்டித் தட்டி விழுந்தது. "ஒயரை மாட்டுங்க."

மாட்டினான். அவள் ஓட்டினாள். விமானம் குடித்தவன் நடைபோல வளைந்து வளைந்து போய், ஓடுதளத்தைத் தாண்டிக் கடலில் விழுந்தது.

"இது நான் ஓட்டினது," என்றாள். "இனிமே இதை எங்கிட்டேர்ந்து எடுக்காதீங்க."

அதற்குப் பிறகு தினமும் விழுந்தாள். அவன் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தான். உதவிக்குக் கை நீட்டாமல் நிற்பதுபோல் ஒரு கஷ்டமான வேலையை அவன் எந்தக் கட்டடத்திலும் செய்ததில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் அவள் விரல்கள் குமிழில் நிற்கவே மறுத்தன. ஒரு நாள் அவளே கையை எடுத்துக்கொண்டாள்.

"முன்னாடி வாங்க. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி நீங்க திருப்புங்க. நான் சொல்றேன்."

அவன் அவள் காலருகே தரையில் உட்கார்ந்து குமிழைப் பிடித்தான். அவள் எண்ணைச் சொன்னாள். திருப்பினான். கண்ணில் நீர் கட்டி, திரை கலங்கிப்போயிற்று.

"தாண்டிட்டீங்க," என்றாள் அவள். "ரெண்டு படி பின்னால வாங்க."