இரண்டு மில்லி

மருந்தை ஊட்டிவிட்டுக் காலிச் சிரிஞ்சைக் கழுவும்போதுதான் நர்ஸுக்கு உறைத்தது. பாட்டில் புதுசு. அதே பழுப்பு நிறம், அதே வெள்ளை மூடி. ஆனால் லேபிளில் பொடி எழுத்தில், மில்லிக்கு இரண்டு மில்லிகிராம் என்று இருந்தது. நேற்றுவரை வந்தது மில்லிக்கு ஒன்று. டாக்டர் எழுதியது இரண்டு மில்லிகிராம். பழகிய கை பழையபடி இரண்டு மில்லி எடுத்துவிட்டது. ஆபரேஷன் முடிந்த நாலு வயதுப் பெண்ணுக்கு வலி மருந்து இரட்டிப்பாகப் போயிருந்தது.

பதினோரு வருஷ வேலை. யாரும் பார்க்கவில்லை, பேசாமல் இருந்துவிட்டால் முடிந்தது. அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவளைச் சுட்டது. ஓட்டமும் நடையுமாக டாக்டரிடம் போனாள்.

"எட்டாம் பெட் பாப்பாவுக்கு டபுள் டோஸ் கொடுத்துட்டேன், டாக்டர்."

"எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டபடியே டாக்டர் எழுந்துவிட்டார்.

குழந்தையின் அப்பா வெல்டர். அவரிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"தப்பு என்னோடதுண்ணே. பாப்பாவுக்கு மூச்சு மெதுவாகலாம். அதுக்கு மாத்து மருந்து தயாரா இருக்கு."

"உங்களை நம்பித்தானே புள்ளைய விட்டேன்!" அவர் குரல் உடைந்தது. "இனி இந்தப் பக்கம் வராதீங்க."

அவள் வாசலிலேயே நின்றாள். முக்கால் மணி நேரத்தில் குழந்தையின் கண்கள் செருகின. மூச்சு நிமிடத்துக்கு இருபத்துநாலிலிருந்து பதினாலுக்கு இறங்கியது. டாக்டர் மாற்று மருந்தை ஏற்றினார். இரண்டே நிமிடம். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "தூங்க விடமாட்டீங்களா?" என்றது. வாசலில் நின்றவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் மருந்தகத்திலிருந்து ஒருவர் வந்தார். "இன்னும் மூணு வார்டுல பழைய பாட்டிலும் புதுசும் ஒண்ணா நிக்குது சிஸ்டர். அளவு மாறினதைச் சொல்லணும்னு எங்க யாருக்கும் தோணல. எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனி குழந்தைங்களுக்கு அளந்து, பேர் ஒட்டின சிரிஞ்சாவே அனுப்புறோம்."

மறுநாள் காலையில் அந்த அப்பா வார்டு வராந்தாவில் அவளை மறித்தார்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுண்ணே. பாப்பா சும்மா தூங்குதுன்னுதான் எல்லாரும் நினைச்சிருப்போம்."

"கோபம் இன்னும் போகல. ஆனா மருந்தை நீங்கதான் கொடுக்கணும்னு பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். சூடு பட்டவங்க நாலு தடவை பார்ப்பீங்க."

"ஆறு தடவை பார்ப்பேன்."

மருந்து நேரத்தில் அவளும் இன்னொரு நர்ஸும் சிரிஞ்சில் ஒட்டியிருந்த பேரையும் அளவையும் வாய்விட்டுப் படித்தார்கள். அவரும் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். குழந்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தனை பேர் படிப்பீங்க? சீக்கிரம் குடுங்க, கசப்பு முடியட்டும்!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிஞ்சை மெல்ல அழுத்தினாள்.