இடைவார் பிடித்தவர்கள்

எங்கள் பதாவியர் குலத்தில் ஒருவன் நீந்தும்போது அடுத்தவன் அவனைத் தொடக்கூடாது. கவசம், ஈட்டி, கேடயத்தோடு கரை சேர்வது அவன் பாடு. தொட்டுக் காப்பாற்றப்பட்டவனை நாங்கள் மூட்டை என்போம். சாகும்வரை அந்தப் பெயர் போகாது. ரோமர்களின் துணைப்படையில் எங்களுக்கு மரியாதை வாங்கித் தந்ததே இந்த நீச்சல்தான். ரோமர்கள் பாலம் கட்டி முடிப்பதற்குள் நாங்கள் அக்கரையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்போம்.

அந்த வசந்தத்தில் மாகாண ஆளுநர் டான்யூப் ஆற்றங்கரைக்கு வந்து, எங்கள் நீச்சலைப் பார்க்க வேண்டும் என்றார். என்னோடு ஒரே கூடாரத்தில் படுக்கும் தகோமாஸுக்குக் குளிர்காலச் சண்டையில் தோள் நொறுங்கியிருந்தது. இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால் படைச் சேவை முடிந்து அவனும் பிள்ளைகளும் ரோமக் குடிமக்கள். அதற்குள் உதவாதவன் என்று கழித்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. இத்தனை வருடம் ரத்தம் சிந்தியதற்கு இதுதான் நியாயமாம்!

"காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கடா," என்றேன்.

"வைத்தியன் வந்து சட்டையைக் கழட்டச் சொல்வான். தோளைப் பாப்பான். அப்புறம்?"

"ஆத்துல முழுகிட்டா?"

"முழுகிட்டுப் போறேன். நீ தொட்டே, கொன்னுடுவேன்."

"செத்தவன் எப்படிடா கொல்லுவே?"

அவன் கேடயத்தை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும் வரிசையில் போய் நின்றான்.

நடு ஆற்றில் அவன் தலை மறைந்தது. எழுந்தது. மறுபடி மறைந்தது. நான் யோசிக்கவே இல்லை. அவன் இடைவாரைப் பிடித்து இழுத்தேன்.

"விடுடா பாவி! எம் புள்ளைங்க..." தண்ணீரைக் குடித்துக்கொண்டே அழுதான்.

படகிலிருந்து ஆளுநர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் இடப்பக்கம் வத்தோ நீந்தினான். எங்கள் படையிலேயே பெரிய திமிர்க்காரன். அவன் கத்தினான்: "எல்லாரும் பக்கத்தாள் வாரைப் பிடிங்கடா! என்னையும் பிடிச்சுத் தொலைங்க!"

பிடித்தார்கள். கேடயத்தில் நெஞ்சைச் சாய்த்து, காலை உதைத்து, வரிசை முழுவதும் ஒரே சங்கிலியாகக் கரை சேர்ந்தோம். நல்ல காலம், எங்கள் மொழி ஆளுநருக்குத் தெரியாது.

"ஒருத்தன்கூட வரிசை கலையலையே!" என்று கை தட்டினார். "இனிமே இந்தப் படை இப்படித்தான் நீந்தணும்!"

ஆளுநர் சொன்னால் சொன்னதுதான். மறு வசந்தத்தில் தகோமாஸ் குடிமகனாக வெளியே போனான். நாங்கள் இன்றும் ஒருவர் இடைவாரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடக்கிறோம். எங்கள் படைக் கோட்டையை ஒட்டி வாழும் சிறுமிகள் கரையில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவள் தகோமாஸின் மகள். ரோமக் குடிமகள் சிரித்தால் நான் என்ன சொல்ல முடியும்?